புயல் காலத்தில் தீவிலிருந்து தனியாக வீடு திரும்புகிறவர்களுக்கு

ரெயூனியன் இந்தியப் பெருங்கடலில் இருக்கும் பிரெஞ்சுத் தீவு. அங்கிருந்து மொரீசியஸுக்கு விமானத்தில் முக்கால் மணி நேரம்தான். இடையில் இருப்பது 200 கிலோமீட்டர் சொச்சம் கடல். 2024 ஜனவரியில் அந்தக் கடலைத் தாண்டி என் வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. டிசம்பர், ஜனவரி விடுமுறைக்கு இங்கிருந்து அங்கேயும் அங்கிருந்து இங்கேயும் சொந்தக்காரர்களைப் பார்க்கப் போகும் தமிழ்க் குடும்பங்கள் எத்தனையோ இருக்கின்றன. போகும்போது என்ன வாங்கிப் போகலாம், யாரைப் பார்க்கலாம் என்று சொல்ல ஆயிரம் பேர் உண்டு. திரும்பி வரும்போது புயல் குறுக்கிட்டால் என்ன செய்வது என்று எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. இந்தத் தீவுகள் பக்கம் நவம்பர் முதல் ஏப்ரல் வரை புயல் பருவம். பள்ளி விடுமுறை, புத்தாண்டு, பொங்கல், தைப்பூசம் எல்லாமே அதற்குள்தான் வருகின்றன. அதனால் இது இன்னொருவருக்கு நடக்காது என்று நினைக்க வழியில்லை.

நான் புதுச்சேரியில் பிறந்தவள். கல்யாணமாகி வந்தது மொரீசியஸுக்கு. வீடு காத்ர் போர்னில். ரோஸ் ஹில்லில் பூஜைச் சாமான் விற்கும் சின்னக் கடை ஒன்று வைத்திருக்கிறேன். அக்கா பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள புதுச்சேரிக்காரரைக் கட்டிக்கொண்டு ரெயூனியனின் தெற்கே சேன் பியேரில் இருக்கிறாள். என்னோடு பள்ளியில் படித்த இரண்டு பேரும் அங்கேதான், தலைநகர் சேன் தெனியில். புத்தாண்டு முடிந்ததும் கணவரையும் மகனையும் இங்கே விட்டுவிட்டு நான் மட்டும் போனேன். முதலில் அக்கா வீடு. காலையில் ராவின் பிளான்ஷில் நரசிங்கப் பெருமாள் கோவில், மாலையில் கடற்கரை, ராத்திரி அம்மாவைப் பற்றிய பேச்சு. கடைசி நாட்களை சேன் தெனியில் தோழி வீட்டில் கழித்தேன். மூன்று பேரும் சேர்ந்துவிட்டால் விடியும் வரை பேச்சு ஓயாது. பள்ளிக்கூட வாத்தியார்கள் பெயரைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். எனக்கு அப்படி மனசு நிறைந்து வருடக்கணக்காகியிருந்தது. திரும்பும் டிக்கெட் ஜனவரி 14, ஞாயிறு மாலைக்கு. மறுநாள் பொங்கல். அந்த வருடம் தைப்பூசம் ஜனவரி 25. என் மகன் முதல் முறையாகக் காவடி எடுக்க வேண்டியிருந்தது. அவன் விரதம் தொடங்கும்போது நான் வீட்டில் இருக்க வேண்டும். கடைக்கும் வருடத்தில் இந்தப் பத்து நாள்தான் பெரிய வியாபாரம். காவடிக்கு வேண்டிய ரோஸ் துணி, எலுமிச்சை, கற்பூரம், பால்குடம் எல்லாவற்றையும் எடுத்து அடுக்கி வைத்துவிட்டுத்தான் கிளம்பியிருந்தேன்.

பெலால் என்று பெயர் வைத்த புயலைப் பற்றி அந்த வாரக் கடைசியில் வானொலியில் பேச ஆரம்பித்துவிட்டார்கள். ரெயூனியனில் புயல் எச்சரிக்கை நிறங்களில் வரும். முதலில் மஞ்சள், அப்புறம் ஆரஞ்சு, அப்புறம் சிவப்பு, அதற்கும் மேலே ஊதா. ஆரஞ்சு வரைக்கும் வெளியே நடமாடலாம், கடைக்குப் போகலாம். சிவப்பு வந்துவிட்டால் யாரும் வீட்டை விட்டு வெளியே வரக் கூடாது, வண்டி ஓட்டக் கூடாது. சிவப்பு தொடங்குவதற்கு மூன்று மணி நேரம் முன்னால் அறிவிப்பார்கள். நீங்கள் எங்கே இருக்க வேண்டுமோ அங்கே போய்ச் சேர அந்த மூன்று மணி நேரம்தான் அவகாசம். ஊதா வந்தால் மீட்புப் படையும் ஆம்புலன்ஸும்கூட வெளியே வராது. ரெயூனியனுக்குப் போகிற யாராக இருந்தாலும் வேறு எதைத் தெரிந்துகொள்ளாவிட்டாலும் இந்த நான்கு நிறங்களைத் தெரிந்துகொள்ளுங்கள். அந்த ஊர்க்காரர்களுக்கு இது ரத்தத்தில் ஊறியது. அதனாலேயே விருந்தாளிக்கு எடுத்துச் சொல்ல வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றுவதில்லை.

ஞாயிறு காலை வரை விமானம் ரத்து என்று செய்தி எதுவும் வரவில்லை. போனில் பார்த்தால் குறித்த நேரத்துக்குக் கிளம்பும் என்றே காட்டியது. தோழி ஒரு மருத்துவமனையில் நர்ஸ். சிவப்பு எச்சரிக்கை வந்தால் அந்த நேரம் பணியில் இருப்பவர்கள் அது முடியும் வரை அங்கேயே தங்க வேண்டும். அதனால் மதியமே வீட்டைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு, போகிற வழியில் என்னை சேந்த் மரி விமான நிலையத்தில் இறக்கிவிட்டாள். "போய்ச் சேர்ந்ததும் ஒரு மெசேஜ் போடுடி" என்றாள். மற்றத் தோழி முந்தைய நாளே குடும்பத்தோடு மலைப்பக்கம் மாமியார் வீட்டுக்குப் போய்விட்டிருந்தாள். அக்கா இருப்பது தீவின் மறு கோடியில். அத்தனை பேர் சூழ்ந்திருந்த ஊரில், அந்த மதியத்திற்குப் பிறகு என்னைக் கூப்பிட்டுக்கொள்ள ஒருவரும் இல்லாமல் போனது.

உள்ளே போனதும் பெட்டியை எடை போட்டு வாங்கிக்கொண்டார்கள். அதற்குப் பிறகுதான் ரத்து என்று பலகையில் வந்தது. பெட்டியைத் திருப்பிக் கேட்டேன். இப்போது முடியாது, ஆட்களை அனுப்பிக்கொண்டிருக்கிறோம், நிலையம் மீண்டும் திறந்ததும் வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். என் இரத்த அழுத்த மாத்திரை, சார்ஜர், மாற்றுத் துணி எல்லாம் அந்தப் பெட்டிக்குள் இருந்தன. கையில் இருந்தது தோள்பை, பாஸ்போர்ட், அக்கா கட்டிக் கொடுத்த முறுக்கு. இதைப் படிக்கிறவர்கள் தயவுசெய்து இதைச் செய்யுங்கள்: புயல் பேச்சு அடிபடும்போது மூன்று நாளைக்கான மாத்திரை, அதன் மருந்துச் சீட்டு, சார்ஜர், பவர் பேங்க், ஒரு மாற்று உடை, கொஞ்சம் யூரோ நோட்டு இவை எல்லாம் கைப்பையில் இருக்கட்டும். பெட்டி முழுவதும் தொலைந்துபோகும் என்று நினைத்துக்கொண்டு கைப்பையைக் கட்டுங்கள். சிவப்பு எச்சரிக்கையில் மருந்துக் கடையும் திறக்காது. இரண்டு நாள் மாத்திரை இல்லாமல் பின்னந்தலை கனத்துப்போய் நான் கிடந்தேன். பயத்தில் கனக்கிறதா, அழுத்தத்தில் கனக்கிறதா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

கவுண்டரில் இருந்த பெண் ஒரு படிவத்தை நீட்டி, கையெழுத்துப் போட்டால் டிக்கெட் பணத்துக்கு ஈடாக அடுத்த பயணத்துக்குக் கூப்பன் கிடைக்கும் என்றார். பேனாவை எடுத்துவிட்டேன். எனக்குப் பின்னால் நின்ற வயதான மல்பார் அம்மா ஒருவர் (ரெயூனியனில் தமிழ் வழிவந்தவர்களை மல்பார் என்பார்கள்) என் கையைத் தொட்டு, கையெழுத்துப் போடாதே என்று தீவு மொழியான கிரியோலில் சொன்னார். அவர் சொல்லித்தான் ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 என்ற விதி எனக்குத் தெரிந்தது. ரெயூனியன் பிரான்சின் பகுதி, ஆகவே ஐரோப்பிய ஒன்றியத்தின் பகுதி. அங்கிருந்து கிளம்பும் எந்த விமானத்துக்கும், அது எந்த நாட்டு நிறுவனமாக இருந்தாலும், இந்த விதி பொருந்தும். விமானம் ரத்தானால் பணத்தைத் திரும்ப வாங்குவதா, வேறு விமானத்தில் ஊர் போய்ச் சேருவதா என்று தேர்ந்தெடுப்பது பயணியின் உரிமை. பணம் என்றால் பணமாகவே 7 நாளுக்குள் தர வேண்டும். நீங்கள் கையெழுத்திட்டு ஒப்புக்கொண்டால் மட்டுமே கூப்பன் தரலாம். காத்திருக்கும் நேரத்துக்குச் சாப்பாடு, ராத்திரி தங்க வேண்டியிருந்தால் ஓட்டல், அங்கே போய்வர வண்டி இவற்றுக்கும் நிறுவனமே பொறுப்பு. இந்த மாதிரிக் குறைந்த தூரப் பயணத்துக்கு 250 யூரோ நஷ்ட ஈடு என்றும் அந்த விதியில் உண்டு. ஆனால் புயல் போன்ற அசாதாரணக் காரணத்தால் ரத்தானால் அது கிடைக்காது. நஷ்ட ஈடு கிடையாது என்பதை மட்டும் கவுண்டரில் சொல்லி அனுப்பிவிடுவார்கள். சாப்பாட்டுக்கும் தங்குவதற்குமான பொறுப்பு புயலிலும் தீராது என்பதைச் சொல்ல மாட்டார்கள். இன்னொன்று, மொரீசியஸிலிருந்து ரெயூனியன் போகும் திசையில் ஐரோப்பிய நிறுவனத்தின் விமானத்துக்குத்தான் இந்த விதி செல்லும்.

அன்று ஓட்டல் ஏற்பாடு ஒன்றும் நடக்கவில்லை. "இடம் இல்லை, நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்" என்றார்கள். அந்த அம்மா சொன்னபடி, ரத்து என்றும் காரணம் இன்னது என்றும் ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டேன். பலகையைப் போனில் படம் எடுத்துக்கொண்டேன். அதற்குள் மாலை எட்டு மணியிலிருந்து சிவப்பு என்று அறிவிப்பு வந்துவிட்டது. அத்தான் போனில், "நான் கிளம்பி வரேன் பாப்பா, அங்கேயே நில்லு" என்றார். சேன் பியேரிலிருந்து வந்து திரும்புவதற்குள் நேரம் கடந்துவிடும், வழியில் மாட்டினால் இரண்டு பேரும் மாட்டுவோம். வர வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். போனை வைத்ததும் அழுகை வந்துவிட்டது. டாக்ஸிக்கு நின்றவர்கள் நிறைய. நானும் அறிமுகமில்லாத இரண்டு பேரும் சேர்ந்து ஒன்றைப் பிடித்தோம். ஓட்டுநர் 60 யூரோ கேட்டார், பேரம் பேசும் நிலையில் யாரும் இல்லை. சேன் தெனியில் கடலோரம் இருக்கும் பராஷ்வா பக்கம் ஒரு சின்ன ஓட்டலில் ஓர் அறை கிடைத்தது, ராத்திரிக்கு 110 யூரோ. இப்படி நேரத்தில் நகராட்சிகள் பள்ளிகளையும் மண்டபங்களையும் தங்குமிடமாகத் திறந்துவைக்கின்றன என்பது பிறகுதான் தெரிந்தது. கையில் காசில்லாதவர்கள் நேராக அங்கே போகலாம், ஊரார் வெளியூரார் என்று பார்ப்பதில்லை. எந்தப் பள்ளி என்று மேரியில், அதாவது நகராட்சி அலுவலகத்தில், கேட்டால் சொல்வார்கள், வானொலியிலும் சொல்வார்கள்.

ராத்திரி முழுவதும் காற்று. ஜன்னலின் இரும்புக் கதவை யாரோ வெளியிலிருந்து பிடித்து உலுக்குகிற மாதிரி இருந்தது. விடியற்காலையில் எச்சரிக்கை ஊதாவுக்குப் போனது. மின்சாரம் போய்விட்டது. பொங்கல் அன்று காலையில் குளித்துவிட்டு, முறுக்கு இரண்டை எடுத்துச் சாமியை நினைத்துச் சாப்பிட்டேன். கீழே வரவேற்பறையில் பேட்டரி ரேடியோ ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. ரேடியோ ஃப்ரீடமில் ஒவ்வொரு ஊரிலிருந்தும் ஆட்கள் போன் செய்து, எங்கள் தெருவில் மரம் விழுந்தது, எங்கள் வீட்டுக் கூரை போனது என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். மொரீசியஸ் கிரியோல் தெரிந்தவர்களுக்கு அது முக்கால்வாசி புரியும். இணையம் படுத்துவிட்டாலும் வானொலி படுக்கவில்லை. நானும் மற்ற விருந்தாளிகளும் அதைச் சுற்றித்தான் உட்கார்ந்திருந்தோம்.

இதைவிடப் பெரிய அடி மதியத்துக்கு மேல் வந்தது. போனில் மீதமிருந்த கொஞ்சம் சார்ஜில் எப்படியோ ஒரு வீடியோ வந்து விழுந்தது. போர்ட் லூயிஸ் தெருவில் தண்ணீர் ஆறாக ஓட, கார்கள் ஒன்றின் மேல் ஒன்றாக மிதந்து போகின்றன. என் கணவர் வேலை பார்ப்பது போர்ட் லூயிஸில். அன்று காலை அவர் அலுவலகம் போயிருந்தார். அழைத்தால் போன் எடுக்கவில்லை. மகனை அழைத்தேன், அவனுக்கும் தெரியவில்லை. "அம்மா, அப்பா வந்துடுவார்மா" என்று சொல்லும்போது அவன் குரலே சரியில்லை. நான் என்ன செய்ய? வெளியே கால் வைக்க முடியாது. கடலுக்கு அந்தப் பக்கம் என் வீடு. அந்தப் பிற்பகலை நான் எப்படிக் கடந்தேன் என்று இப்போதும் எழுத வரவில்லை. முருகா முருகா என்று சொல்லிக்கொண்டு படிக்கட்டிலேயே உட்கார்ந்திருந்தேன். இருட்டிய பிறகு யாரோ ஒருவர் போனிலிருந்து பேசினார். மாடியில் ஏறி நின்றிருக்கிறார்கள், போன் நனைந்துவிட்டது, ஆள் பத்திரம், கார் போய்விட்டது. கார் போனால் போகட்டும் என்றேன்.

கார் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். மொரீசியஸில் அப்போது இருந்த வகுப்பு எண் எச்சரிக்கை காற்றை வைத்துத்தான்: மணிக்கு 120 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசக்கூடுமா, எவ்வளவு நேரத்தில் என்பதே கணக்கு. எண் சிறியதாக இருக்கிறது என்று காலையில் ஊரே வேலைக்குப் போனது. ஆனால் அன்று ஊரை மூழ்கடித்தது மழை. எண்ணை மட்டும் பார்த்து வீட்டில் இருப்பவர்களை நிம்மதியாக விட்டுவிடாதீர்கள். நீங்கள் ஊரில் இல்லாதபோது உங்கள் வீட்டார் எந்தத் தாழ்வான இடத்தில் வேலை செய்கிறார்கள், வண்டியை எங்கே நிறுத்துகிறார்கள் என்று யோசித்து முன்கூட்டியே பேசிவையுங்கள். எங்கள் காருக்கு மூன்றாம் நபர் காப்பீடு மட்டும்தான் இருந்தது. வெள்ளத்துக்கு அதில் ஒரு காசு கிடையாது. முழுக் காப்பீடு வைத்திருப்பவர்களும் இயற்கைச் சீற்றம் அதில் சேர்ந்திருக்கிறதா என்று கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பயணக் காப்பீட்டிலும் இதே மாதிரி ஒரு முடிச்சு உண்டு. புயல் உருவாகிச் செய்தியில் வந்த பிறகு வாங்கினால் அந்தப் புயலால் வரும் செலவை ஏற்க மாட்டார்கள். டிக்கெட் போடும் அன்றே வாங்க வேண்டும்.

எச்சரிக்கை இறங்கி வெளியே போக விட்டதும் அக்காவும் அத்தானும் வந்து என்னை அழைத்துப் போனார்கள். அக்கா என்னைப் பார்த்ததும் ஒன்றும் பேசவில்லை, கட்டிப்பிடித்துக்கொண்டாள். முதல் வேலையாக மருந்துக் கடை, அப்புறம் விமான நிலையம், பெட்டி. பெட்டி கிடைத்தது. டிக்கெட்டுதான் கிடைக்கவில்லை. இரண்டு தீவிலும் விமான நிலையம் மூடியிருந்ததால் தேங்கிப்போன கூட்டம் எக்கச்சக்கம். போனில் அழைத்தால் இசை கேட்டுக்கொண்டே இருக்கலாம், ஆள் வர மாட்டார். இணையத்தில் "பணத்தைத் திரும்பப் பெறுக" என்ற பொத்தான் பெரிதாக இருக்கும். அதை அழுத்தினால் உங்களை ஊர் கொண்டுபோய்ச் சேர்க்கும் பொறுப்பு அவர்களுக்கு அத்தோடு முடிந்தது. பணம் வரும், ஆனால் அந்த நெருக்கடியில் புது டிக்கெட் இரண்டு மடங்கு விலைக்கு விற்கும். என்னோடு வரிசையில் நின்ற ஒரு குடும்பம் அப்படித்தான் மாட்டிக்கொண்டது. நான் நேரில் போய் நின்று, பணம் வேண்டாம், முதலில் கிடைக்கும் விமானத்தில் அனுப்புங்கள், உங்களுடையதில் இடம் இல்லையென்றால் மற்ற நிறுவனத்தில் போட்டுக் கொடுங்கள் என்று சொன்னேன். முதலில் முடியாது என்றார்கள். விதி எண்ணைச் சொன்னதும் உள்ளே போய்ப் பேசிவிட்டு வந்தார்கள். அந்த வார இறுதியில் மற்ற நிறுவனத்தின் விமானத்தில் இடம் போட்டுக் கொடுத்தார்கள். கூடுதலாக நான் ஒன்றும் கட்டவில்லை.

வீடு வந்து சேர்ந்தபோது மகன் என் துணையில்லாமலே விரதத்தைத் தொடங்கியிருந்தான். கொடியேற்றத்துக்கு நான் இல்லை. இதற்கு எந்த விதியிலும் ஈடு கிடையாது. கடை மூடியிருந்த நாட்களில் கைவிட்டுப் போன வியாபாரம் 40,000 மொரீசியஸ் ரூபாய்க்கு மேல். ஓட்டல், சாப்பாடு, டாக்ஸி எல்லாம் சேர்த்து 300 யூரோவுக்குக் கிட்டத்தட்ட, அப்போதைய கணக்கில் 14,000 ரூபாய்க்கு மேல். ரசீதுகள், ரத்துக் காகிதம், பழைய டிக்கெட் எல்லாவற்றையும் படம் எடுத்து விமான நிறுவனத்துக்கு பிரெஞ்சில் கடிதம் எழுதினேன். அத்தான் திருத்திக் கொடுத்தார். விதி எண்ணையும், உதவி கேட்டும் கிடைக்கவில்லை என்பதையும் அதில் சொன்னேன். பதிலே இல்லை. மறுபடி எழுதினேன். மாதங்கள் கழித்து ஓட்டலுக்கும் சாப்பாட்டுக்கும் ஆன பணம் வந்தது. டாக்ஸிக்கு ரசீது வாங்க முடியவில்லை, அது போனது போனதுதான். நியாயமான செலவை மட்டும் கேளுங்கள். நட்சத்திர ஓட்டல் கணக்கைக் கொடுத்தால் முழுக் கோரிக்கையும் இழுபடும். ஒவ்வொரு ரசீதிலும் தேதி தெரிகிறதா என்று அங்கேயே பாருங்கள்.

என்னிடம் மொரீசியஸ் பாஸ்போர்ட் இருந்ததால் விசாத் தொல்லை இல்லை. இந்தியப் பாஸ்போர்ட்டோடு இங்கே வேலை பார்க்கிறவர்கள் ரெயூனியனுக்குப் போகும்போது விசா முடியும் தேதிக்கும் திரும்பும் டிக்கெட்டுக்கும் இடையில் சில நாட்களை விட்டுவைப்பது நல்லது. ஐரோப்பாவின் பல நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசா இருக்கிறதே என்று நினைத்துவிடாதீர்கள், ரெயூனியன் ஷெங்கனில் சேர்ந்ததல்ல. தங்கும் வீட்டில் கிளம்பும்போது சாவி விஷயத்தையும் கூச்சப்படாமல் கேட்டுவிடுங்கள். "விமானம் போகலேன்னா நான் எங்கே வந்து நிக்கணும்?" இந்த ஒரு கேள்விக்குப் பதில் தெரியாமல் சொந்தக்காரர் வீட்டு வாசலைத் தாண்டக் கூடாது. கேட்டால் தப்பாக நினைப்பார்களோ என்று தயங்க வேண்டியதில்லை. என் தோழிக்கு இப்போதும் அந்த ஞாயிற்றுக்கிழமையை நினைத்தால் மனசு ஆறவில்லை.

2025 பிப்ரவரியில் கரான்ஸ் புயல் வந்தபோது என் நாத்தனார் ரெயூனியனில் இருந்தார். திரும்பும் டிக்கெட் 28ஆம் தேதிக்கு. அன்றுதான் அது தீவின் வடக்கில் வந்து மோதியது. இரண்டு நாள் முன்னாலேயே நான் போன் செய்து, "அண்ணி, போன்ல என்ன காட்டினாலும் கிளம்பாதீங்க, தேதியை மாத்தச் சொல்லுங்க" என்றேன். புயல் நெருங்கும்போது விமான நிறுவனங்கள் கட்டணம் இல்லாமல் தேதி மாற்றித் தருவது உண்டு, நாம் கேட்க வேண்டும். கேட்டார், மாற்றிக் கொடுத்தார்கள். மாத்திரையை எண்ணிப் பார்த்து ஒரு வாரத்துக்கு வாங்கி வைத்துக்கொண்டார். புயல் அடித்தபோது அக்கா வீட்டில்தான் இருந்தார். விமான நிலையம் திறந்து கூட்டம் குறைந்த பிறகு, புதிதாகக் கொடுத்த தேதியில் நிதானமாகக் கிளம்பி வந்தார்.